தாய்ப்பால் கொடுக்கும்போது வலி: எது இயல்பு, எதைச் சரிசெய்ய வேண்டும், எப்படி

பிரசவம் முடிந்த முதல் சில நாட்களில் காம்பு கூசும். குழந்தை வாய் வைத்து முதல் இழுப்பு இழுக்கும்போது சுரீரென்று இருக்கும். அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை இந்தக் கூச்சம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பிறகு படிப்படியாகக் குறைந்து இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். இயல்பான வலியின் எல்லை இவ்வளவுதான். குழந்தை குடித்து முடிக்கும்வரை விடாத வலி, காம்பில் வெடிப்பு, ரத்தக் கசிவு, அடுத்த வேளையை நினைத்தாலே பயம் வருகிற அளவு வேதனை, இவையெல்லாம் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்பதற்கான அறிகுறிகள். அது என்னவென்று கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்யத் தொடங்கவும் முடியும்.

"எல்லாருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தால் நிலைமை மோசமாகிறது. மார்பிலிருந்து பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். பால் சரியாக இறங்காவிட்டால் குழந்தை இன்னும் பலமாகச் சப்பும். காம்பு இன்னும் புண்ணாகும். தவிர, வலிக்கிற விதத்தில் கவ்விக் குடிக்கும் குழந்தைக்குப் பல சமயம் போதுமான பாலும் கிடைப்பதில்லை. அதனால் தாயின் வலியைக் கவனித்தால் குழந்தையின் எடையையும் சேர்த்தே கவனித்ததாகும்.

வலி எப்போது வருகிறது, காம்பு எப்படி இருக்கிறது

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வேளை பொறுமையாகக் கவனியுங்கள். வலி தொடக்கத்தில் மட்டுமா, முழு நேரமுமா, குடித்து முடித்த பிறகா? ஒரு பக்கமா, இரு பக்கமுமா? குழந்தை வாயை எடுத்த அந்த நொடியில் காம்பைப் பாருங்கள். காரணத்தைப் பற்றிய பாதித் தகவல் அங்கேயே கிடைத்துவிடும்.

சரியாகக் கவ்விக் குடித்த குழந்தையின் வாயிலிருந்து வெளிவரும் காம்பு உருண்டையாக, சற்று நீண்டு, முன்பிருந்த நிறத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் சாய்வாகச் சீவியது போலவோ, தட்டையாக நசுங்கியோ, நுனியில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தோ வந்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடித்திருக்கிறது என்று பொருள். வெளியே வந்து சில நொடிகளில் காம்பு வெளுத்து, குடைவது போல வலித்தால் ரத்த ஓட்டம் சுருங்குவது காரணமாக இருக்கலாம். மூன்றாம் நாள் வாக்கில் இரண்டு மார்பும் கல் போல இறுகி வலித்தால் பால் கட்டியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கட்டியும் சூடும் சிவப்பும் இருந்தால் அது வேறு. பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுத்தால் அது கர்ப்பப்பை சுருங்கும் வலி, மார்பில் எந்தக் குறையும் இல்லை.

குழந்தை எப்படிக் கவ்வ வேண்டும்

தொடக்க வாரங்களில் வரும் காம்பு வலிக்கு முதல் காரணம் இதுதான். அதனால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

உங்கள் நாக்கை மேல் பற்களுக்குப் பின்னால் வைத்து அண்ணத்தில் மெதுவாகப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். முதலில் எலும்பாகக் கெட்டியாக இருக்கும். பின்னால் போகப்போக மென்மையாக மாறும். குழந்தையின் வாயிலும் அப்படியே. காம்பு அந்த மென்மையான பகுதிக்கு அருகில் போய்ச் சேர்ந்தால் அதன்மேல் அழுத்தம் விழாது. குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வினால், கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் காம்பு ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நசுங்கும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும் பச்சைக்குழந்தையிடம் இப்படி நசுங்கினால் இரண்டே நாளில் தோல் வெடித்துவிடும். ஆகவே குழந்தையின் வாய்க்குள் காம்பு மட்டும் போனால் போதாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் நல்ல பகுதியும் சேர்ந்து போக வேண்டும்.

முதலில் நீங்கள் வசதியாக உட்காருங்கள். முதுகுக்கும் கைக்கும் தாங்கல் வேண்டும். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். குழந்தையை மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளுங்கள். மடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கும் குழந்தையால் சரியாக விழுங்க முடியாது, காம்பையும் பக்கவாட்டில் இழுக்கும்.

வலது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இடது கையால் குழந்தையைப் பிடியுங்கள்: உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரலும் மற்ற விரல்களும் காதுகளுக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள். தலையை அழுத்தினால் குழந்தை எதிர்த்துப் பின்னுக்குத் தள்ளும், தாடை மார்பிலிருந்து விலகிப்போகும். தலை சற்றுப் பின்னால் சாய இடம் இருக்க வேண்டும். நாமும் அண்ணாந்துதானே எளிதாக விழுங்குகிறோம்.

இப்போது குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு இருக்கும்படி வையுங்கள். வாய்க்கு நேரே வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காம்பால் மேலுதட்டை லேசாகத் தொடுங்கள். குழந்தை தேடும், சிறிதாக வாய் திறக்கும், மறுபடி மூடும். அவசரப்பட வேண்டாம். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்த அதே நொடியில் குழந்தையைத் தோளோடு சேர்த்து மார்பை நோக்கி அணைத்துக்கொள்ளுங்கள். முதலில் தாடை மார்பைத் தொட வேண்டும், அதன்பின் கீழுதடு, கடைசியாகக் காம்பு மேலுதட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

மார்பு பெரிதாக இருந்தால் வலது கையால் தாங்கிக்கொள்ளலாம். விரல்கள் கருவட்டத்துக்கு வெளியே, காம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மார்பைச் சற்று அமுக்கித் தட்டையாக்கிக் கொடுத்தால் சிறிய வாய்க்குள் எளிதாகப் போகும். அப்படி அமுக்கும் திசை குழந்தையின் உதடுகள் இருக்கும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். குழந்தை பக்கவாட்டில் படுத்திருக்க, நீங்கள் மார்பை மேலும் கீழுமாக அமுக்கினால் வாய்க்குள் போவது இன்னும் கடினமாகும்.

சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாடை மார்பில் பதிந்திருக்கும், மூக்கு விலகியோ லேசாகத் தொட்டோ இருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். கருவட்டம் கீழுதட்டுக்கு அடியில் கொஞ்சமாகவும் மேலுதட்டுக்கு மேல் அதிகமாகவும் தெரியும். கன்னம் உப்பலாக இருக்கும், குழி விழாது. முதலில் வேகவேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் நிதானமாக இழுத்து விழுங்கும். விழுங்குகிற ஓசை கேட்கும். 'டக் டக்' என்று நாக்கு சொடுக்கும் சத்தம் வந்தால் பிடி விட்டுவிட்டுப் போகிறது.

அரை நிமிடம் கடந்தும் வலி தொடர்ந்தால் அப்படியே குடிக்க விடாதீர்கள். சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில், ஈறுகளுக்கு நடுவில் நுழைத்தால் பிடி தளரும். அதன்பிறகு விலக்கி, மறுபடி தொடங்குங்கள். விரல் விடாமல் இழுத்தெடுப்பது காம்பைக் கிழித்துவிடும். ஒரே வேளையில் மூன்று நான்கு முறை இப்படித் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கலாம். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் முதல் வாரத்தில் இதற்குச் செலவாகும் நேரம் வீணாகாது. குழந்தையும் கற்றுக்கொள்கிறது.

உட்கார்ந்து கொடுப்பது ஒத்துவரவில்லை என்றால் நிலையை மாற்றிப் பாருங்கள். சிசேரியன் தையலில் குழந்தையின் கால் படாமல் இருக்க, குழந்தையை அக்குளுக்கடியில் வைத்து, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பிடிக்கலாம். கீழே தையல் போட்டு உட்கார முடியாதவர்கள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். பால் வேகமாகப் பீறிட்டுக் குழந்தை திணறினால், அல்லது எந்த நிலையிலும் ஆழமாகக் கவ்வ வைக்க முடியவில்லையென்றால், பாதி சாய்ந்தபடி மல்லாந்து குழந்தையை உங்கள்மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் எடையே அதை மார்போடு அழுத்தும். பல குழந்தைகள் இப்படித் தாமாகவே தேடி நன்றாகக் கவ்விவிடும். இந்த நிலையில் நீங்கள் விழித்திருக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையோடு சாயாதீர்கள், அது குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

தட்டையான அல்லது உள்ளிழுத்த காம்பு உள்ளவர்களும் பால் கொடுக்க முடியும். குழந்தை கவ்வுவது மார்பைத்தான் என்பதால் காம்பு எவ்வளவு நீளம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. கொடுப்பதற்குச் சற்று முன் விரலால் உருட்டிவிட்டு, சில சொட்டுப் பாலைப் பிழிந்து காம்பில் தடவுங்கள். சிலிகான் காம்புறை உதவக்கூடும். அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் துணையோடு மட்டும் பயன்படுத்துங்கள், தவறாகப் பொருத்தினால் பால் வரத்து குறையும். கர்ப்ப காலத்தில் துண்டால் தேய்த்துக் காம்பைப் பழக்குவது எந்தப் பலனும் தராது, தோலைத்தான் புண்ணாக்கும்.

வெடிப்பு வந்துவிட்டால்

கவ்வும் முறையைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பு போட்டாலும் புண் ஆறாது. முறையைச் சரிசெய்தபின் புண் ஆற உதவுபவை எளிமையானவை. குடித்து முடித்ததும் சில சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள். அல்லது சுத்திகரித்த லானோலின் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள், அடுத்த வேளைக்கு முன் அதைத் துடைக்க வேண்டியதில்லை. குளிக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சோப்பு, ஸ்பிரிட், டெட்டால் எதுவும் வேண்டாம். தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அவை எடுத்துவிடும். பால் கசிவுக்கு வைக்கும் பஞ்சுப் பட்டையை நனைந்தவுடன் மாற்றுங்கள். அது புண்ணில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள்.

வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுங்கள். அதற்குள் பால் இறங்கிவிடும், குழந்தையின் பசி வேகமும் சற்று அடங்கும். வெடிப்பிலிருந்து கசிந்த ரத்தம் பாலோடு போனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கக்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரியலாம், மலம் கறுக்கலாம். ரத்தம் உங்களுடையதுதானா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மட்டும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாங்கவே முடியாத வலி என்றால் அந்தப் பக்கத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு கொடுக்கலாம். ஆனால் பாலை உள்ளே தேங்க விடக் கூடாது. குழந்தை குடிக்கும் நேரங்களில் கையால் பீய்ச்சி, சிறு கிண்ணத்திலோ கரண்டியிலோ ஊட்டுங்கள். கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து, விடுங்கள். தோலின்மேல் வழுக்கித் தேய்க்கக் கூடாது. வரத்து குறைந்ததும் விரல்களைச் சுற்றி நகர்த்தி வேறு இடத்தில் தொடருங்கள். எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் கெடாமல் இருக்கும்.

புண்ணில் மஞ்சள் பொருக்கு, சீழ், சுற்றிப் பரவும் சிவப்பு இருந்தால் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கிறது. மருந்து தேவைப்படும், மருத்துவரைப் பாருங்கள். கொத்தாக நீர்க் கொப்புளங்கள் வந்து கடுமையாக வலித்தால் அது அக்கி வகைத் தொற்றாக இருக்கக்கூடும். பச்சைக்குழந்தைக்கு அது ஆபத்தானது என்பதால் அந்தப் பக்கம் கொடுப்பதை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால் கட்டிக்கொள்ளும்போது

சீம்பால் கொஞ்சமாகவே சுரக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகி வரும்; கூடவே மார்பில் ரத்த ஓட்டமும் நீர்ப் பிடிப்பும் கூடும். மார்பு கனத்து, தோல் பளபளத்து, கருவட்டம்கூட இறுகிவிடும். இறுகிய மார்பைக் குழந்தையால் ஆழமாகக் கவ்வ முடியாது. காம்பை மட்டும் கவ்வும். இப்படித்தான் பால் கட்டுவதும் காம்புப் புண்ணும் ஜோடியாக வருகின்றன.

செய்ய வேண்டியது கருவட்டத்தை மென்மையாக்குவது. இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் சீராக அழுத்திப் பிடியுங்கள். வலிக்கிற அளவு அழுத்த வேண்டாம். விரல்களை இடம் மாற்றி மறுபடியும் ஒரு நிமிடம். தேங்கிய நீர் பின்னுக்கு நகர்ந்து, காம்பைச் சுற்றி ஒரு மெத்தென்ற வட்டம் உண்டாகும். இறுக்கம் அதிகமென்றால் மல்லாந்து படுத்தபடி செய்யுங்கள். அதன்பின் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு உடனே குழந்தைக்குக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் வெதுவெதுப்பான துணி ஒற்றடம் கொடுத்தால் பால் இறங்க உதவும். நீண்ட நேரம் சூடு வைத்தால் வீக்கம் கூடும். குடித்து முடித்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ குளிர்ந்த ஈரத்துணியையோ 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரவும் சேர்த்து 24 மணி நேரத்தில் 8 முதல் 12 வேளை கொடுங்கள். "மார்பு காலியாகும்வரை" பம்ப் வைத்து எடுக்கும் ஆசை வரும். அதைக் கட்டுப்படுத்துங்கள். எடுத்த அளவுக்கு மறுபடி சுரக்கச் சொல்லி உடலுக்குச் சேதி போகிறது. நாளைக்கு இன்னும் அதிகமாகக் கட்டும். இறுக்கம் தளரும் அளவுக்கு எடுத்தால் போதும். ஓரிரு நாளில் உடல் குழந்தையின் தேவைக்குத் தகுந்தபடி தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும்.

ஒரே இடத்தில் கட்டி, சிவப்பு, காய்ச்சல்

ஒரு பக்க மார்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி மட்டும் கெட்டியாகி, தொட்டால் வலித்து, சிவந்து சூடாக இருந்தால் அங்கே அழற்சி தொடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் இதற்கு நன்றாகப் பிசைந்து விடு, சூடு வை, அடிக்கடி பம்ப் செய்து காலி செய் என்பார்கள். இன்று பாலூட்டல் மருத்துவ நிபுணர்கள் சொல்வது நேர்மாறானது. அடைப்பு போலத் தெரிவதன் பெரும்பகுதி வீங்கிய திசு. பால் குழாய்களைச் சுற்றியுள்ள வீக்கம் அவற்றை நெரிக்கிறது. பிசைந்தால் வீக்கம் கூடும், திசு சிதையும். மின்சார மசாஜரை வைத்து அழுத்துவதும் அப்படியே.

இப்படிச் செய்யுங்கள்: வழக்கமான வேளைகளில் இரு பக்கமும் கொடுங்கள், கூடுதலாக எடுக்க வேண்டாம். குளிர் ஒற்றடம் கொடுங்கள். தோல் மட்டும் நகரும் அளவுக்கு, பூனையை வருடுவது போல மிக லேசாக, மார்பிலிருந்து அக்குளை நோக்கி வருடிவிடுங்கள். இறுக்கமான உள்ளாடையைத் தவிர்த்து, தாங்கிப் பிடிக்கும் தளர்வான ஒன்றைப் போடுங்கள். மருத்துவர் தடை சொல்லியிராவிட்டால் ஐபுப்ரோஃபென் எடுக்கலாம். அது வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். முடிந்த அளவு படுத்து ஓய்வெடுங்கள்.

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி உடம்பு நடுங்கினாலோ, 24 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். பாலூட்டும்போது பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் பாலூட்டுவதைச் சொல்லி வாங்குங்கள். இரண்டு நாளில் நலமானது போலத் தெரிந்தாலும் சொன்ன நாட்கள் முழுவதும் எடுங்கள். அந்தப் பக்கப் பாலால் குழந்தைக்குக் கேடு வராது. திடீரென்று நிறுத்தினால்தான் சீழ்க்கட்டியாக மாறும் வாய்ப்பு கூடும். மருந்து எடுத்தும் கட்டி கரையாமல், அழுத்தினால் உள்ளே திரவம் அசைவது போல இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சீழ் இருந்தால் பெரும்பாலும் ஊசி மூலமே எடுத்துவிடுவார்கள். ஆன்டிபயாடிக் முடிந்தபின்னும் சிவப்போ கட்டியோ நிலைத்திருந்தால் அதைப் பாலூட்டல் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள், மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காம்பு நுனியில் வெள்ளைப் புள்ளி தோன்றி ஊசி குத்துவது போல வலிப்பதும் உண்டு. வீட்டில் ஊசியால் குத்தித் திறக்க வேண்டாம். மறுபடி மறுபடி வரும், தழும்பாகும். அதைக் குறைக்கும் களிம்பை மருத்துவர் தருவார்.

குடித்து முடித்தபின் வரும் எரிச்சலும் குடைச்சலும்

குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து, குடைந்து வலிக்கிறதா? குளிர்க்காற்று பட்டால் கூடுகிறதா? ரத்தக் குழாய்கள் சுருங்குவதன் அடையாளம் இது. ஆழமில்லாமல் கவ்வுவதாலும் வரும், குளிரில் விரல்கள் வெளுக்கும் இயல்புள்ளவர்களுக்குத் தானாகவும் வரும். குழந்தை விட்ட உடனே உலர்ந்த வெதுவெதுப்பான துணியாலோ உள்ளங்கையாலோ மூடிக்கொள்ளுங்கள். காம்பைக் காற்றில் உலர்த்தும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. புகைபிடிப்பது இதை மோசமாக்கும். வெதுவெதுப்பு போதாதவர்களுக்கு நிஃபெடிபின் என்ற மாத்திரையை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு.

சில வாரம் வலியில்லாமல் கொடுத்துவந்தபின் இரண்டு காம்பும் எரிய ஆரம்பித்து, தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்து உரிந்தால், குழந்தையின் வாயைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போது தாய், குழந்தை இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். எரிச்சல் மட்டும் இருப்பதை வைத்துப் பூஞ்சை என்று முடிவுகட்டி வாரக்கணக்கில் களிம்பு பூசுவது பரவலாக நடக்கிறது. உண்மையில் பல சமயம் காரணம் தவறான கவ்வலாகவோ, புதிதாகப் போட்ட களிம்பின் ஒவ்வாமையாகவோ இருக்கும். ஒரு பக்கக் காம்பில் மட்டும் சொறி போல வந்து, மருந்துக்கும் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் தோலைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

குழந்தையின் நாக்கு

எல்லா நிலைகளிலும் முயன்றும் குழந்தை நழுவி நழுவிப் போகிறது, சொடுக்கும் சத்தம் கேட்கிறது, எடை ஏறவில்லை என்றால் நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக இருக்கலாம். அழும்போது நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வருகிறதா, நுனி நடுவில் பிளந்தது போல இருக்கிறதா என்று பாருங்கள். சவ்வு தெரிந்தால் உடனே வெட்ட வேண்டும் என்று இல்லை. அதோடு நன்றாகக் குடிக்கும் குழந்தைகள் ஏராளம். நாக்கு எப்படி அசைகிறது என்பதை அனுபவமுள்ளவர் விரல் வைத்துப் பார்த்து, குடிப்பதையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தேவையென்றால் சவ்வை விடுவிப்பது சில நொடி வேலை. முடிந்ததும் மார்பில் போடலாம்.

பம்ப், பல், வயிற்றுவலி

பம்ப் வலிக்கக் கூடாது. புனல் அளவு தவறாக இருப்பதுதான் வழக்கமான காரணம். காம்பின் அடிப்பகுதி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிய புனலைத் தேர்ந்தெடுங்கள். சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசும். பெரிதாக இருந்தால் கருவட்டமும் உள்ளே இழுபடும். இழுவிசையைக் கூட்டினால் பால் கூடாது. லேசாக உறுத்தும் நிலைவரை கூட்டி, அங்கிருந்து ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

பல் முளைத்த குழந்தை உண்மையாகவே குடித்துக்கொண்டிருக்கும்போது கடிக்க முடியாது, கீழ்ப் பற்களை நாக்கு மூடியிருக்கும். கடி வருவது பெரும்பாலும் வயிறு நிறைந்து விளையாடும் நேரத்தில். விழுங்குவது நின்று தாடை இறுகுவதைப் பார்த்ததும் வாயோரத்தில் விரல் விட்டு எடுத்துவிடுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பல மாதம் கழித்துத் திடீரென்று இரு காம்பும் கூச ஆரம்பித்தால் மறுபடி கருவுற்றிருக்கும் வாய்ப்பையும் யோசியுங்கள்.

அடிவயிற்று வலி ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குவதால் வருவது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் கடுமையாக இருக்கும். சில நாட்களில் தணியும். கொடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள், அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வையுங்கள். பாராசிட்டமால் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல் எடுக்கலாம். உடல் எடை குறைவாக இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கேட்காமல் எடுக்க வேண்டாம். இரண்டுமே பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. ஆஸ்பிரினும் கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் வேண்டாம்.

எப்போது உதவி கேட்பது

கவ்வும் முறையை மாற்றிப் பார்த்தும் ஓரிரு நாளில் வலி குறையவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். குழந்தையின் பக்கமும் பாருங்கள்: ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் குறைந்தது 6 முறை நன்றாகச் சிறுநீர் போக வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டியிருக்க வேண்டும். இதில் ஏதாவது குறைந்தாலோ, குழந்தை குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். வலியோடு தொடர்ந்த அழுகையும், எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் இரண்டு வாரம் தாண்டி நீடித்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

பாலூட்டல் ஆலோசகரிடமோ செவிலியரிடமோ போகும்போது குழந்தைக்குப் பசிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு முழு வேளை நீங்கள் கொடுப்பதை, தொடங்குவதிலிருந்து முடிப்பதுவரை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வலி தொடங்கிய நாள், எந்தப் பக்கம், எந்த நேரத்தில் கூடுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்; குழந்தை விட்டதும் காம்பு இருக்கும் நிலையைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கொடுப்பதைப் பார்க்காமலேயே புட்டிப்பாலுக்கு மாறச் சொன்னால், பார்த்துச் சொல்லும் இன்னொருவரைத் தேடுங்கள்.